ஒரே அளவு சாப்பாடு, வேறு வேறு எடை: ஏன்?

1990இல் கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் கிளாட் புஷார் என்பவரும் அவருடைய குழுவினரும் செய்த ஒரு சோதனையின் முடிவு வெளியானது. கலந்துகொண்டவர்கள் 24 இளைஞர்கள், அதாவது 12 ஜோடி இரட்டையர்கள். அதுவும் ஒரே கரு பிரிந்து உண்டான இரட்டையர்கள் என்பதால் மரபணுவில் ஒருவருக்கொருவர் நகல். அவரவர் எடை மாறாமல் இருக்க எவ்வளவு சாப்பாடு வேண்டும் என்று முதலில் கணக்கெடுத்தார்கள். அப்புறம் வாரத்துக்கு 6 நாள், அந்த அளவுக்கு மேல் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். இப்படி மொத்தம் 84 நாள். சோதனை நடந்த நாட்களில் கடுமையான உடற்பயிற்சிக்கு இடமில்லை.

முடிவில் ஆளுக்குச் சராசரியாக 8.1 கிலோ ஏறியிருந்தது. சராசரியை விட்டுவிட்டு ஒவ்வொருவராகப் பார்த்தால்தான் விஷயமே இருக்கிறது. ஒருவருக்கு 4.3 கிலோதான் ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ. கூடுதலாகச் சாப்பிட்டதென்னவோ எல்லாரும் ஒரே அளவு. ஆனால் ஜோடிக்கு ஜோடி இருந்த வித்தியாசத்தோடு ஒப்பிட்டால், ஒரே ஜோடிக்குள் இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் மிகக் குறைவு. கொழுப்பு உடம்பின் எந்தப் பகுதியில் போய்ச் சேர்ந்தது என்பதில்கூட இருவருக்கும் ஒற்றுமை இருந்தது.

"அவன் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது, எனக்குத் தண்ணீர் குடித்தாலே உடம்பு வைக்கிறது" என்று பலர் புலம்புவதில் பாதி உண்மை என்பதற்கு இது நல்ல சான்று. மற்ற பாதியைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 24 பேரில் எடை ஏறாமல் தப்பியவர் யாருமில்லை. ஏற்றிவிட்டது சாப்பாடு. யாருக்கு எவ்வளவு என்பதில்தான் பரம்பரை கை வைத்தது.

வரவு, செலவு

கணக்கு எளிதானது. மாவுச்சத்து ஒரு கிராமில் 4 கலோரி, புரதத்திலும் 4, கொழுப்பில் 9, மதுவில் உள்ள ஆல்கஹாலில் 7. (சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது கலோரி என்று நாம் சொல்வது உண்மையில் கிலோ கலோரியை. பேச்சு வழக்கில் கிலோ உதிர்ந்துவிட்டது.) உடம்பில் சேரும் ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏறக்குறைய 7700 கலோரி அடங்கியிருக்கிறது.

அந்தச் சோதனையில் ஒவ்வொருவருக்கும் கூடுதலாகப் போனது 84,000 கலோரி. 7700ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 11 கிலோ. ஏறியதோ சராசரியாக 8 கிலோ. மீதி எங்கே போனது? (13.3 கிலோ ஏறியவர் 11ஐத் தாண்டியது எப்படி என்றும் கேட்கலாம். எடை ஏறும்போது கொழுப்பு மட்டும் ஏறுவதில்லை, தசையும் நீரும் சேர்ந்தே ஏறும். அவற்றில் கிலோவுக்குக் கலோரி மிகக் குறைவு.)

மீதி போன இடம் செலவுப் பக்கம். நம் உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதில் பொதுவாக 60 முதல் 70 சதவீதம், சும்மா படுத்திருந்தாலும் ஆகிற செலவு. இதயம் துடிக்க, மூளை இயங்க, உடம்புச் சூட்டைக் காக்க, செல்களைப் பழுதுபார்க்க. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை மட்டும் இந்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. சாப்பிட்டதைச் செரிக்க இன்னொரு 10 சதவீதம். மிச்சம்தான் அசைவு: நடப்பது, வேலை செய்வது, உடற்பயிற்சி.

இதில் உடற்பயிற்சி என்று யாரும் கணக்கில் எடுக்காத அசைவுகளுக்குத்தான் ஆளுக்கு ஆள் பெரிய வித்தியாசம். உட்கார்ந்த இடத்தில் காலை ஆட்டுவது, போனில் பேசிக்கொண்டே உலாத்துவது, எதையோ எடுக்க நாலு தடவை எழுந்து போவது எல்லாம் இதில் சேர்த்தி. 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவைன் குழு 16 பேருக்கு 8 வாரம் தினமும் 1000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தது. ஒருவருக்குச் சேர்ந்த கொழுப்பு வெறும் 0.36 கிலோ. இன்னொருவருக்கு 4.23 கிலோ. குறைவாகச் சேர்ந்தவர்கள் யாரென்றால், கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கியதும் தங்களை அறியாமலே இந்தச் சின்னச் சின்ன அசைவுகள் அதிகமானவர்கள். அந்த வகையில் ஒருவருடைய செலவு நாளுக்கு 692 கலோரி வரை கூடியிருந்தது. இது மனத்திடத்தால் வருவதல்ல. கால் தானாக ஆடுகிறது, அவ்வளவுதான்.

சரி, எனக்கு மெட்டபாலிசம் (உடம்பு கலோரியைச் செலவழிக்கும் வேகம்) மெதுவானது என்று சொல்பவர்கள்? பருமனாக இருப்பவரின் உடம்பு ஒல்லியானவருடையதைவிட மொத்தத்தில் அதிகம்தான் செலவழிக்கிறது, ஏனென்றால் பெரிய உடம்பை நடத்தவே அதிகம் வேண்டும். பிறகு ஏன் அந்த எண்ணம்? "டயட் இருந்தும் எடை இறங்கவில்லை" என்று சொன்ன ஒரு சிறு குழுவை நியூயார்க்கில் ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். செலவு இயல்பாகவே இருந்தது. அவர்கள் எழுதித் தந்த சாப்பாட்டுக் கணக்குதான் உண்மையில் சாப்பிட்டதைவிட 47 சதவீதம் குறைவாக இருந்தது. செய்த உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் எழுதியிருந்தார்கள். பொய் சொன்னார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சமைக்கும்போது சரிந்து விழும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அதை யார் ஞாபகம் வைத்து எழுதுகிறார்கள்? முன்னே சொன்ன "மற்ற பாதி" இதுதான்.

வயதைக் காரணம் காட்டுவதும் பழக்கம். 6,400க்கும் மேற்பட்டோரின் அளவீடுகளைத் தொகுத்து 2021இல் வந்த ஆய்வின்படி, உடல் அளவுக்கேற்பக் கணக்கிட்டால் 20 வயதிலிருந்து 60 வரை செலவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. நாற்பதில் விழும் தொப்பைக்கு மெட்டபாலிசத்தைக் குறை சொல்ல முடியாது.

எண்ணிக்கை மட்டும் போதாது

கலோரிதான் எடையைத் தீர்மானிக்கிறது என்றால் எதைச் சாப்பிட்டாலும் ஒன்றுதானே? எடைக் கணக்கில் கிட்டத்தட்ட ஆம். ஆனால் எவ்வளவு சாப்பிட்டால் போதும் என்று தோன்றுகிறது என்பதைச் சாப்பாட்டின் தன்மை மாற்றிவிடுகிறது.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019இல் வெளியிட்ட சோதனையில் 20 பேர் ஆய்வு மருத்துவமனையிலேயே தங்கினார்கள். இரண்டு வாரம் தொழிற்சாலையில் மிகவும் பதப்படுத்திய உணவுகள், இரண்டு வாரம் அப்படிப் பதப்படுத்தாத உணவுகள். முன்னால் வைத்த உணவில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம், கட்டாயம் இல்லை. பதப்படுத்திய உணவு வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டு, 0.9 கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே 0.9 கிலோ இறங்கினார்கள். யாரும் அவர்களை வாயைக் கட்டச் சொல்லவில்லை. மெல்ல வேண்டாத உணவு வேகமாக உள்ளே போகிறது. போதும் என்ற செய்தி வயிற்றிலிருந்து மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் தட்டு காலி.

புரதத்துக்கு இரண்டு வகையில் மதிப்பு. வயிறு நிறைந்த உணர்வை நன்றாகத் தருகிறது. அதோடு, அதிலுள்ள கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிக்கவே செலவாகிவிடுகிறது. மாவுச்சத்தில் இது 5 முதல் 10, கொழுப்பில் 3 சதவீதத்துக்குள். இனிப்புப் பானங்கள் இதற்கு நேர் எதிர்: 330 மில்லி குளிர்பானத்தில் சுமார் 140 கலோரி, பசியோ குறைந்தபாடில்லை.

கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா என்ற சண்டையில் என்னால் எந்தப் பக்கமும் சேர முடியவில்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோ இறங்கினார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6.0 கிலோ. பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு குழுவுக்குள்ளும்தான் பெரிய வித்தியாசம்: நிறைய இறங்கியவர்களும் உண்டு, ஏறிப்போனவர்களும் உண்டு. யாருக்கு எந்த உணவுமுறை ஒத்துவரும் என்று மரபணுவை வைத்து முன்கூட்டிச் சொல்ல முடிகிறதா என்றும் பார்த்தார்கள். முடியவில்லை. எச்சிலை அனுப்பினால் உங்களுக்கேற்ற டயட் தருகிறோம் என்று யாராவது விளம்பரம் செய்தால் இந்த 2018ஆம் ஆண்டு முடிவை நினைத்துக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சி எங்கே உதவுகிறது

எடை குறைக்க வேண்டும் என்றதும் பலர் முதலில் ஓடுவது ஜிம்முக்கு. கணக்கு அவ்வளவு தாராளமாக இல்லை. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் செலவாவது ஏறத்தாழ 120 கலோரி. மேலே சொன்ன ஒரு மேசைக்கரண்டி எண்ணெயோடு கணக்கு சரியாகிவிடும். அந்த 120இலும் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஆகியிருக்கக் கூடிய 35 கலோரி சேர்ந்தே இருக்கிறது.

இன்னொன்று, உடம்பு ஈடுகட்டப் பார்க்கிறது. பயிற்சி செய்த நாளில் பசி கூடலாம், மீதி நேரம் அசையாமல் கிடக்கலாம். தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹாட்சா மக்களின் செலவை ஹெர்மன் பான்ட்ஸர் குழு அளந்து 2012இல் வெளியிட்டது. நாளெல்லாம் நடக்கும் அவர்களும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மேற்கத்திய நகரவாசிகளும், உடல் அளவைக் கழித்துப் பார்த்தால், நாளுக்குச் செலவழிப்பது ஏறக்குறைய ஒரே அளவுதான். அசைவுக்கு அதிகம் செலவானால் உடம்பு வேறெங்கோ கையைச் சுருக்குகிறது என்பது பான்ட்ஸரின் விளக்கம்.

தசை வளர்த்தால் தூங்கும்போதும் கொழுப்பு கரையும் என்ற பிரபலமான வாக்குறுதியும் மிகைதான். ஓய்வில் ஒரு கிலோ தசை நாளுக்குச் செலவழிப்பது ஏறத்தாழ 13 கலோரி. இரண்டு கிலோ தசை ஏற்றுவது சாதாரண உழைப்பல்ல, கிடைப்பதோ 26 கலோரி.

அப்படியானால் உடற்பயிற்சி வீணா? எடையை இறக்குவதில் அது பலவீனம், இறக்கிய எடையைத் தக்கவைப்பதில் பலம். 1994இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு பதிவேட்டில், 13.6 கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டுக்கு மேல் அப்படியே வைத்திருப்பவர்களின் பழக்கங்களைத் திரட்டினார்கள். அவர்களில் பெரும்பாலோரிடம் காணப்படும் பழக்கம், நாளுக்கு ஒரு மணி நேர அளவிலான உடலுழைப்பு. டயட்டில் எடை இறங்கும்போது கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும். எடை தூக்கும் பயிற்சி அதைக் காப்பாற்றுகிறது. இதயம், ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், மனநிலை இவற்றுக்கான பலன் எடை மெஷினில் ஒரு கிராம்கூட இறங்காவிட்டாலும் கிடைக்கும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைகளுக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்த இடத்தில் ஒரு உபகதை. கரையும் கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையாக என்பார்கள், சூடாக என்பார்கள். 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால் அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சு வழியே வெளியேறுகிறது, 1.6 கிலோ நீராகிறது. ஆக, வியர்க்க வைக்கும் பெல்ட்டும் உடையும் வாங்க வேண்டியதில்லை.

பரம்பரை செய்வது என்ன

பெற்றோர் பருமனாக இருந்தால் பிள்ளைகளும் அப்படி இருப்பதைப் பார்த்து, ஒரே வீட்டுச் சாப்பாடு என்று சொல்லிவிடலாம். அதைச் சோதிக்க வழி, தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள். டென்மார்க்கில் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்த 540 பெரியவர்களை ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் குழு ஆராய்ந்து 1986இல் எழுதியது. அவர்களின் உடல்வாகு பெற்றவர்களோடு ஒத்துப்போனது, சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை. இப்படிப்பட்ட ஆய்வுகளையும் இரட்டையர் ஆய்வுகளையும் சேர்த்து, மக்களிடையே காணும் எடை வித்தியாசத்தில் 40 முதல் 70 சதவீதம் மரபணு வழி வருகிறது என்று மதிப்பிடுகிறார்கள்.

இதை "என் எடையில் 70 சதவீதம் பரம்பரை, 30தான் என் கையில்" என்று படிப்பது தவறு. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தைப் பற்றிய எண் அது. தனி ஆளின் எடையை அப்படிப் பிரிக்க முடியாது. கூட்டம் முழுவதும் ஒன்றாக எடை ஏறினாலும் அந்த எண் அப்படியே இருக்கக்கூடும். அதுதான் நடந்தும் இருக்கிறது: 1990க்குப் பிறகு உலகில் பெரியவர்களிடையே உடல்பருமன் இரு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. 2022இல் உலக மக்களில் 8 பேரில் ஒருவருக்கு உடல்பருமன். முப்பது ஆண்டுகளில் மனித மரபணு மாறிவிடவில்லை. சாப்பாடு மலிவாகி, எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அந்தச் சூழலில் சிலருடைய மரபணு மற்றவர்களைவிட எளிதாக வசப்பட்டது.

எப்படி வசப்படுகிறது? எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த கதை இது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1949இல் ஓயாமல் தின்று பந்துபோல ஆன எலிகள் தற்செயலாகப் பிறந்தன. அவற்றில் என்ன குறை என்பதை ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994இல்தான் கண்டுபிடித்தது. கொழுப்புத் திசு "கையிருப்பு போதும்" என்று மூளைக்குச் சொல்ல ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, அதற்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். அந்த எலிகளிடம் அது இல்லை. 1997இல் பிரிட்டனின் கேம்பிரிட்ஜில், அதே குறை உள்ள இரண்டு குழந்தைகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். 8 வயதுச் சிறுமி 86 கிலோ, 2 வயதுச் சிறுவன் 29 கிலோ. அடங்காத பசி. லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் சிறுமியின் பசி அடங்கியது, எடை இறங்கியது. அதுவரை பேராசை, கண்டிப்பில்லாத வளர்ப்பு என்று பெயர் வாங்கியிருக்கக்கூடிய ஒன்று, ஒற்றை ஹார்மோன் இல்லாததால் வந்தது.

இப்படி ஒரே மரபணுவால் வரும் பருமன் அரிது. பருமனாக உள்ள பெரும்பாலோரிடம் லெப்டின் குறைவாக இல்லை, கூடுதலாகவே இருக்கிறது. மூளை அதைச் சரியாகக் காதில் வாங்குவதில்லை. அதனால் அந்த ஊசி அவர்களுக்குப் பயன்படவில்லை. மற்றவர்களுக்கு நடப்பது சில்லறையாகச் சேர்வது. 2007இல் கண்டறியப்பட்ட எஃப்டிஓ என்ற மரபணுவின் எடை கூட்டும் வடிவம் தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தவர்கள், எவரிடமிருந்தும் வராதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ அதிகம். இதுபோல டிஎன்ஏவில் ஆளுக்கு ஆள் மாறுபடும் 21 லட்சம் இடங்களின் தாக்கத்தைக் கூட்டி 2019இல் ஒரு மதிப்பெண் உருவாக்கினார்கள். மதிப்பெண்ணில் மேல் 10 சதவீதத்தினருக்கும் கீழ் 10 சதவீதத்தினருக்கும் நடுவயதில் சராசரி வித்தியாசம் 13 கிலோ. மேலே இருந்தும் ஒல்லியாக இருப்பவர்கள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். எஃப்டிஓ விஷயத்தில், உடலுழைப்பு உள்ளவர்களிடம் அதன் தாக்கம் 27 சதவீதம் குறைவு என்று 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளிலிருந்து தெரியவந்தது.

எடையோடு தொடர்புடைய மரபணுக்களில் பெரும்பங்கு வேலை செய்யும் இடம் மூளை. பசி எவ்வளவு, எப்போது போதும் என்று தோன்றும், கண்ணெதிரே இருப்பதைப் பார்த்தும் கை நீளாமல் இருக்குமா என்பதில்தான் அவை தலையிடுகின்றன. ஆகவே பரம்பரை ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம் என்று பிரித்து வைத்துப் பேசுவதே எனக்குச் சரியாகப் படவில்லை. பரம்பரை பெரும்பாலும் சாப்பாட்டின் வழியாகத்தான் வந்து சேருகிறது. ஒருவர் பாதித் தட்டோடு எழுந்து போவது அவருடைய கட்டுப்பாட்டால் என்று பாராட்டுகிறோம், பல நேரம் அவருக்குப் பசியே அவ்வளவுதான்.

இறங்கிய எடை ஏன் திரும்புகிறது

எடை இறங்க ஆரம்பித்தால் லெப்டின் குறைகிறது, பசி கூடுகிறது. செலவும் குறைகிறது. வருமானம் விழுந்த வீட்டில் விளக்கையும் விசிறியையும் அணைத்துச் சிக்கனம் பிடிப்பது போல, சின்னதாகிவிட்ட உடம்புக்குத் தேவைப்படுவதற்கும் கீழே செலவை இழுத்துப் பிடிக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியின் எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை 6 ஆண்டு கழித்து அளந்தபோது, பெரும்பாலோருக்குப் போன எடையில் கணிசமாகத் திரும்பியிருந்தது. ஓய்வுச் செலவு மட்டும் அவர்கள் உடல் அளவுக்கு எதிர்பார்ப்பதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே நின்றது. பட்டினிக் காலத்தில் உயிரைக் காத்த ஏற்பாடு இது, டயட் இருப்பவருக்கு எதிரியாகிவிடுகிறது.

இதற்குள் முதல் வார எடை மெஷின் வேறு ஏமாற்றும். தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜன் என்ற வடிவில் மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது, ஒரு கிராமோடு சுமார் 3 கிராம் நீரும் ஒட்டியிருக்கிறது. சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் கரைவது இந்தச் சேமிப்பு. இரண்டு கிலோ மளமளவென இறங்கி, அப்புறம் நின்றுபோனதுபோலத் தெரியும். போனதில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு விருந்துக்கு மறுநாள் ஒரு கிலோ ஏறுவதும் அதே தண்ணீர்தான்.

பசிதான் நடுப்புள்ளி என்பதற்கு அண்மைக் காலச் சான்று மருந்துகளிலிருந்து வருகிறது. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போலவே நடிக்கும் செமாக்ளூடைட் மருந்தை 2021இல் வெளியான ஆய்வில் 68 வாரம் கொடுத்தார்கள். வாழ்க்கைமுறை ஆலோசனை எல்லாருக்கும் உண்டு. மருந்து எடுத்தவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். மருந்து முக்கியமாகச் செய்தது பசியைக் குறைத்தது. குமட்டல், வாந்தி போன்ற பக்கவிளைவுகள் உண்டு, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் தொடக் கூடாது. மருந்தை நிறுத்திய பிறகும் அவர்களில் ஒரு பகுதியினரைப் பின்தொடர்ந்தார்கள். ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது.